"வரவே மாட்டேங்குதே!" - ஞாபகத்தில் தேடுவதை மனசு எப்போது நிறுத்துகிறது?

தாம்பரத்தில் ஏறி பீச் வரை மின்சார ரயிலில் தினமும் போய் வருபவரிடம், வழியில் வரும் ஸ்டேஷன்களைச் சொல்லச் சொல்லுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று மூச்சு விடாமல் அடுக்குவார். பழவந்தாங்கலை விட்டுவிட்டு பரங்கிமலைக்குத் தாவினால்கூட, "இருங்க, நடுவுல ஒண்ணு போச்சு" என்று அவரே திரும்பி வந்து பிடித்துவிடுவார். இரண்டு முனைகளையும் சேர்த்து மொத்தம் 18 ஸ்டேஷன்கள். பீச் வந்துவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் அவர் தேட வேண்டியதில்லை.

அதே மனிதரிடம், "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு யார் யாருக்கெல்லாம் பத்திரிகை வைக்கணும்?" என்று கேளுங்கள். முதல் 50 பெயர்கள் மளமளவென்று வரும். அடுத்த 50 கொஞ்சம் யோசித்து வரும். அதற்குப் பிறகு, "ம்... வேற யாரு?" என்று விட்டத்தைப் பார்ப்பார். கடைசியில், "அவ்ளோதான்னு நினைக்கிறேன்" என்று பேனாவை மூடுவார். ஆனால், அந்த லிஸ்ட்டில் 'பீச் ஸ்டேஷன்' என்று ஒன்று கிடையாது. மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் மேடவாக்கத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வரும்.

அப்படியென்றால் முந்தின இரவு 'அவ்வளவுதான்' என்று முடிவு செய்தது யார்? எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள்?

ஞாபகம் வருவது, வராமல் போவது பற்றி நிறைய பேசுகிறோம். தேடுவதை எந்த நொடியில் கைவிடுகிறோம் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால், உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைத் துருவி வருகிறார்கள். காரணம், இந்தச் சின்ன முடிவில் ஓர் அரசு வேலை தவறலாம், ஓர் உறவு முறியலாம், வீட்டிலிருக்கும் பெரியவருக்கு வந்திருக்கும் ஒரு நோயின் அறிகுறி கண்ணில் படாமலேயே போகலாம்.

குடத்துக்குள் கைவிட்டு...

ஒரு வகையைச் சொல்லி, அதில் வரும் பெயர்களை எல்லாம் சொல்லச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை 1944-லேயே பூஸ்ஃபீல்ட், செட்ஜ்விக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அளந்து பார்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் பெயர்கள் வேகமாகக் கொட்டும். நேரம் ஆக ஆக, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையிலான இடைவெளி நீளும். கடைசியில் சொட்டுச் சொட்டாக வரும்.

ஏன் இப்படி? 1981-ல் ராய்மேக்கர்ஸ், ஷிஃப்ரின் ஆகிய இருவர் இதற்கு ஒரு கணக்கு மாதிரியை உருவாக்கினார்கள். அதைப் புரிந்துகொள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலையை நினைத்துக்கொள்ளலாம். குடம் நிறைய பெயர் எழுதிய ஓலைகள். கைவிட்டு ஒன்றை எடுக்கிறீர்கள், படிக்கிறீர்கள். மறுபடி குடத்திலேயே போட்டுக் குலுக்குகிறீர்கள். முதல் சில தடவைகளில் எடுப்பதெல்லாம் புதுப் பெயராக இருக்கும். போகப் போக, ஏற்கெனவே எடுத்த ஓலையே திரும்பத் திரும்பக் கையில் வரும். பத்திரிகை லிஸ்ட் எழுதும்போது, "பெரியம்மா... எழுதியாச்சு. குரோம்பேட்டை மாமா... எழுதியாச்சு. மறுபடி பெரியம்மா..." என்று மனசு சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

இந்த மாதிரியின்படி, மனசு தன் தோல்விகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. புதிதாக எதுவும் வராத ஒவ்வொரு முயற்சியும் ஒரு தோல்வி. அது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டதும், "போதும்" என்று தேடலை மூடிவிடுகிறது.

இது உண்மையா என்று சோதித்தவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டோஹர்ட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும். 2007-ல் டோஹர்ட்டியும் ஹார்பிசனும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வற்றிய கிணற்றில் எத்தனை முறை வாளியை இறக்குவீர்கள் என்று தலைப்பிலேயே கேட்டது. அந்த ஆய்விலும், 2009-ல் வந்த அடுத்த ஆய்விலும், கலந்துகொண்டவர்களுக்குச் சொற்களின் பட்டியலைக் காட்டி, பிறகு ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். நேரக் கெடு எதுவும் கிடையாது. 'இனி வராது' என்று தோன்றும்போது அவர்களே ஒரு பட்டனைத் தட்டி முடித்துக்கொள்ளலாம்.

முடிவு சுவாரஸ்யமானது. நிறைய சொற்களைச் சொன்னவர்கள் மொத்தத்தில் அதிக நேரம் தேடினார்கள். ஆனால், கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகு சீக்கிரமே கைவிட்டார்கள். கொஞ்சம் சொற்களே சொன்னவர்களோ, கடைசிச் சொல்லுக்குப் பிறகும் நெடுநேரம் முயன்றார்கள். குடத்தை மறுபடி நினைத்தால் காரணம் புரியும். நிறைய ஓலைகளை எடுத்தவருக்கு, எடுத்ததே மறுபடி வந்த தோல்விகளும் வழியிலேயே நிறைய சேர்ந்திருக்கும். அவருடைய கணக்கு கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. மற்றவருக்கு அது நிரம்ப இன்னும் நேரமாகும்.

ஆக, தேடலை நிறுத்துவது என்பது 'எல்லாவற்றையும் தேடியாகிவிட்டது' என்பதற்கான சான்றிதழ் அல்ல. 'இந்த வழியில் தேடியது போதும், அலுத்துவிட்டது' என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. மேடவாக்கம் சித்தப்பா மறுநாள் காலையில் வருவதற்குக் காரணமும் இதுதான். அவர் குடத்தில்தான் இருந்தார்.

ஒரு மரத்தில் பழம் தீர்ந்தால்...

பறவையோ குரங்கோ ஒரு மரத்தில் பழம் தின்கிறது. கிளையில் பழங்கள் குறையக் குறைய, ஒவ்வொரு பழத்துக்கும் அதிகம் அலைய வேண்டியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் பறப்பது லாபம்? 1976-ல் எரிக் சார்னோவ் என்ற உயிரியலாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். இந்த மரத்தில் கிடைக்கும் வேகம், காடு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது கிளம்பிவிட வேண்டும்.

2012-ல் தாமஸ் ஹில்ஸ், மைக்கேல் ஜோன்ஸ், பீட்டர் டாட் ஆகிய மூவரும், மனிதர்கள் ஞாபகத்துக்குள் தேடுவதும் இதே பாணியில்தான் என்று காட்டினார்கள். மூன்று நிமிடம் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது, மக்கள் முதலில் நாய், பூனை என்று வீட்டு விலங்குகளைச் சொல்வார்கள். அது வற்றியதும் சிங்கம், யானை என்று காட்டுக்குத் தாவுவார்கள். நன்றாகச் சொன்னவர்கள் சரியான நேரத்தில் மரம் மாறியவர்கள். ஒரே மரத்தில் தொங்கியவர்களும், பழம் இருக்கும்போதே தாவியவர்களும் குறைவாகச் சொன்னார்கள்.

நம் வீடுகளில் பத்திரிகை லிஸ்ட் போடும் அம்மாக்களுக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். அப்பா வழி, அம்மா வழி, பழைய வாடகை வீட்டுத் தெரு, ஆபீஸ், மாப்பிள்ளையின் காலேஜ் நண்பர்கள் என்று பிரித்துக்கொண்டு எழுதுவார்கள். ஒரு பிரிவு வற்றினால், அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். சென்னையின் தெற்குப் புறநகரில் குடியேறிய பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் வேறு. 'ஊர்க்காரங்க' என்று ஒரு பிரிவை மறந்துவிட்டால், அதில் உள்ள 20 பேரும் மொத்தமாக விட்டுப்போவார்கள். விட்டுப்போனவர்களுக்கு அது மறதியாகத் தெரியாது, மரியாதைக் குறைவாகத்தான் தெரியும். பத்து வருடம் பேசாமல் இருப்பதற்கு அந்த ஒரு பத்திரிகை போதும்.

இதில் பலரும் அறியாத ஒரு பொறி உண்டு. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவதுதான் வழக்கம். ஆனால், சேர்ந்து உட்கார்ந்து ஞாபகப்படுத்துபவர்கள், தனித்தனியாக எழுதிப் பிறகு சேர்ப்பவர்களைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள் என்று 1997-ல் வெல்டன், பெலிங்கர் ஆகியோரின் ஆய்வு சொன்னது. ஒருவர் அத்தை வீட்டைப் பற்றி யோசிக்கும்போது இன்னொருவர் ஆபீஸ் நண்பரைச் சொன்னால், முன்னவரின் தேடல் அறுந்துபோகிறது. அப்பா, அம்மா, பாட்டி, பெண் என்று ஆளுக்கொரு பேப்பரில் தனியாக எழுதி, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பதே நல்லது.

சட்டென்று 'தெரியாது' சொல்வது எப்படி?

"பக்கத்து வீட்டு மாமியோட ஆதார் நம்பர் என்ன?" என்று கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டீர்கள். "தெரியாது" என்பீர்கள். குடத்துக்குள் கையே விடவில்லை. "எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சர் பெயர் என்ன?" என்று கேட்டால், பெயர் வராவிட்டாலும் விட மனம் வராது. "தெரியும்... வாய் வரைக்கும் வருது..." என்று தவிப்பீர்கள்.

இந்தத் 'தெரியும் என்ற உணர்வை' 1965-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஹார்ட் சோதித்தார். விடை வராத கேள்விகளிலும், 'பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன்' என்று மக்கள் சொன்னவற்றைப் பிறகு விடைகளோடு காட்டியபோது, பெரும்பாலும் சரியாகவே அடையாளம் கண்டார்கள். அதாவது, பொருள் கைக்கு வருவதற்கு முன்பே, அது வீட்டில் இருக்கிறதா, இல்லையா என்று மனசுக்கு ஓரளவு தெரிகிறது.

அடுத்த ஆண்டே, ஹார்வர்டில் பிரவுன், மெக்நீல் இருவரும் 'நாக்கு நுனி'யில் நிற்கும் சொற்களை ஆராய்ந்தார்கள். சொல் வராதபோதும், அது எந்த எழுத்தில் தொடங்கும், எத்தனை அசை இருக்கும் என்பதை மக்கள் ஓரளவு சரியாகவே ஊகித்தார்கள். "ச-வுல ஆரம்பிக்கும்... சரோஜா இல்ல, சாந்தா இல்ல..." என்று நாம் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை. மனசு உண்மையிலேயே அருகில் வந்துவிட்டது. இந்த உணர்வு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அவ்வளவு நேரம் தேடலைக் கைவிட மறுப்போம்.

54 நொடியில் ஒரு முடிவு

இந்த உணர்வுக்கு விலை வைக்கும் இடம் தேர்வு அறை. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் டி.என்.பி.எஸ்.சி-க்குத் தயாராகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால், ஒரு கேள்விக்கு 54 நொடி.

'பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் யார்?' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட், ஆண்டு 1863. தினமும் பல்லாவரம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறவர், புத்தகத்தில் பலமுறை படித்தவர். பெயர் மட்டும் வரவில்லை. நான்கு விடைகளில் இரண்டு ஒன்றுபோலத் தெரிகின்றன. 'சொந்த ஊர் கேள்வி, இதை விடக் கூடாது' என்று மூன்று நிமிடம் போராடினால், வேறு மூன்று கேள்விகளுக்கான நேரம் போய்விட்டது. அந்த மூன்றும் அவருக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருக்கலாம்.

டி.என்.பி.எஸ்.சி-யின் விடைத்தாளில் இன்னொரு விசேஷம் உண்டு. 2019-ல் நடந்த குரூப் 4 தேர்வு முறைகேடு 2020 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்ததைத் தொடர்ந்து, ஏ, பி, சி, டி-யோடு ஐந்தாவதாக 'இ' என்ற வட்டமும் சேர்க்கப்பட்டது. விடை தெரியாவிட்டால் அதைக் கருமையாக்க வேண்டும். எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. காலியான வட்டங்களைப் பின்னர் யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆனால், உளவியல் கண்ணோடு பார்த்தால் இது அபூர்வமான ஏற்பாடு. 'நான் தேடுவதை நிறுத்திவிட்டேன்' என்று தேர்வர் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே, ஊகித்து ஒரு விடையைத் தருவதில் நஷ்டமில்லை. உண்மையான நஷ்டம் நேரம்தான். நீட் தேர்வில் கதை வேறு. 2025 முதல் 180 கேள்விகளுக்கு 180 நிமிடம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். விடை தவறினால் தண்டனை என்றால், மனிதர்கள் தங்களுக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது என்று எடைபோட்டு, உறுதி குறைவானதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். இதை 1996-ல் ஆஷர் கோரியாட், மோரிஸ் கோல்ட்ஸ்மித் ஆகியோர் விரிவாக விளக்கினார்கள். ஆக, ஒரே மாணவர், ஒரே அளவு படிப்பு. ஆனால், தேர்வின் விதி மாறினால், 'தெரியாது' என்று சொல்லும் இடமும் மாறிவிடுகிறது.

தேர்வர்களுக்கு இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. 1913-லேயே லண்டன் பள்ளிகளில் பி.பி.பல்லார்ட் என்பவர், மாணவர்களுக்குப் பாடல்களை மனப்பாடம் செய்யவைத்துச் சோதித்தார். முதல் நாள் வராத வரிகளில் சில, மீண்டும் படிக்காமலேயே அடுத்த நாள் வந்தன. தேர்விலும் இப்படித்தான். 40-வது கேள்வியில் வராத பெயர், 130-வது கேள்வியில் வரும் ஒரு சொல்லைப் பார்த்ததும் பளிச்சென்று வரலாம். கேள்வித்தாளில் ஒரு சுழி போட்டுவிட்டு நகர்ந்தவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்கும். அங்கேயே முட்டிக்கொண்டு நின்றவருக்கு 130-வது கேள்வியே எட்டாமல் போகலாம்.

அதிகம் முட்டினால் அதுவே பழகிவிடும்!

"விடாம யோசி, கண்டிப்பா வரும்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அது எப்போதும் நல்ல அறிவுரை இல்லை என்கிறது 2008-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினர், கேரின் ஹம்ஃப்ரீஸ் செய்த ஆய்வு. சொற்களின் பொருளைச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டார்கள். 'நாக்கு நுனியில் இருக்கிறது' என்றவர்களில், சில சொற்களுக்கு 10 நொடியிலும், சில சொற்களுக்கு 30 நொடி தவிக்கவிட்டும் விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள்கள் கழித்து மறுபடி கேட்டபோது, அதிக நேரம் தவித்த சொற்களில்தான் மறுபடியும் அதிகம் தடுமாறினார்கள்.

தப்பான வழியில் திரும்பத் திரும்ப நடந்தால், அந்தத் தப்பான வழியே பாதையாகிவிடுவது போலத்தான் இது. அந்த 30 நொடியும் மனசு சொல்லைக் கற்கவில்லை, தடுமாறுவதைக் கற்றுக்கொண்டது. ஒரே ஆளின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் நமக்கு வராமல் போவதன் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

அதே சமயம், தாமே கண்டுபிடித்தால் அந்தச் சிக்கல் குறைகிறது என்பதை ஹம்ஃப்ரீஸும் மரியா டி ஆஞ்செலோவும் 2015-ல் காட்டினார்கள். முதல் எழுத்து போன்ற ஒரு சின்னக் குறிப்பு கிடைத்து, அதன் உதவியால் தாமே பிடித்தாலும் பலன் உண்டு. எனவே, பிள்ளை ஒரு வாய்ப்பாட்டிலோ செய்யுளிலோ திணறும்போது, "நல்லா யோசி" என்று அரை மணி நேரம் நிற்கவைப்பதைவிட, அடுத்த சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

கையில் போன் இருந்தால்?

மறுபக்கமும் இருக்கிறது. தேடாமலேயே கைவிடுவது. டீக்கடையில் ஒரு பழைய படத்தின் இசையமைப்பாளர் யார் என்று பேச்சு வந்தால், முன்பு அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். இப்போது மூன்றாவது நொடியில் யாராவது போனை எடுத்துவிடுகிறார்கள்.

2016-ல் பெஞ்சமின் ஸ்டார்ம், ஷான் ஸ்டோன், ஆரோன் பெஞ்சமின் ஆகியோர் செய்த ஆய்வில், கடினமான சில கேள்விகளுக்கு இணையத்தைப் பார்த்து விடை சொன்னவர்கள், அடுத்து வந்த எளிய கேள்விகளுக்கும் இணையத்தையே நாடினார்கள். அவர்களில் 30 சதவிகிதம் பேர், ஒரே ஒரு எளிய கேள்விக்குக்கூடச் சொந்த ஞாபகத்திலிருந்து விடை சொல்ல முயலவில்லை. 30 நொடி முட்டுவது அதிகம் என்றால், மூன்று நொடி ரொம்பக் குறைவு. நடுவில் ஒரு நியாயமான அளவு இருக்கிறது.

வீட்டுப் பெரியவர் 'தெரியலை' என்றால்...

இந்த விஷயம் மிகவும் கனமாகும் இடம், பெரியவர்கள் இருக்கும் வீடு. 70 வயதைத் தாண்டிய ஒருவருக்குப் பழகிய ஒருவரின் பெயர் சட்டென்று வரவில்லை. முன்பென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இப்போது, 'மறதி நோய் ஆரம்பிச்சிடுச்சோ' என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்தில் இன்னும் தீவிரமாகத் தேடுகிறார். தேடத் தேடத் தடுமாற்றம் கூடுகிறது.

வயது கூடும்போது நாக்கு நுனித் தடுமாற்றம் கூடுவது இயல்பு. குறிப்பாக, மனிதர்களின் பெயர்களில் இது அதிகம் என்பதை 1991-ல் டெபோரா பர்க் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் இப்போது வராமல், ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அது பெரும்பாலும் வயதின் வேலைதான்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. தினமும் போய் வந்த கடைத்தெருவில் வழி தவறுவது, சொன்னதையே அரை மணி நேரத்தில் மறுபடி மறுபடி கேட்பது, பணம் எண்ணிக் கொடுப்பதில் புதிதாகக் குழப்பம், அடுப்பில் பாத்திரத்தை வைத்ததே நினைவில் இல்லாமல் போவது போன்றவை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதனால் 'வயசானா அப்படித்தான்' என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் முடியாது.

ஞாபகத் திறனைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் பலர் கேட்கும் ஒரு கேள்வி, 'ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல முடியும்?' என்பது. எத்தனை சொன்னார் என்பதோடு, எப்படிச் சொன்னார், எப்படி நிறுத்தினார் என்பதும் ஒரு தகவல்.

1979-ல் சார்லஸ் வெல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதில் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனித்தார். மனச்சோர்வால் ஞாபகம் மங்கியதுபோலத் தோன்றுபவர்கள், எதைக் கேட்டாலும் முயலாமலேயே "தெரியலை" என்று முடித்துவிடுவது அதிகம். டிமென்ஷியா உள்ளவர்கள் எதையாவது சொல்லிச் சமாளிக்க முயல்வதும், விடைக்கு அருகில் வந்து தவறுவதும் அதிகம். இது ஒரு துப்பு மட்டுமே, இதை வைத்து வீட்டிலேயே நோயைத் தீர்மானித்துவிட முடியாது. ஆனால், தாத்தா இறந்த பிறகு எதைக் கேட்டாலும் "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டி, தேடும் திறனை இழக்காமல், தேடும் மனசை மட்டும் இழந்திருக்கலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. அதை 'வயசு' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

தெற்குப் புறநகரில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வசதியும் இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சந்தேகம் இருந்தால், வீட்டில் வைத்துப் பாட்டிக்குத் தினமும் 'பரீட்சை' நடத்துவதைவிட, ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது மேல். "இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று விருந்தாளி முன்னால் கேட்பது விளையாட்டாக இருக்கலாம். பதில் வராமல் தவிக்கும் அந்த அரை நிமிடம் அவருக்கு விளையாட்டில்லை. "பாட்டி, நான் சுதாவோட பொண்ணு வந்திருக்கேன்" என்று வந்தவர்களே பெயரைச் சொல்லிக்கொண்டு பேச ஆரம்பிப்பது நல்ல பழக்கம்.

எப்போது நிறுத்தலாம்... எப்படித் தொடரலாம்?

* பெயர் வரவில்லையா? 10, 15 நொடி முயலுங்கள். முகம், ஊர், முதல் எழுத்து என்று வழியை மாற்றிப் பாருங்கள். வராவிட்டால் கேட்டோ, பார்த்தோ தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

* தேர்வு எழுதுகிறீர்களா? வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒரு கேள்விக்கான நேர எல்லையை முடிவு செய்துவிடுங்கள். தேர்வு அறையில் அந்த முடிவை எடுக்கும் நிதானம் இருக்காது. நகர்ந்த கேள்விகளுக்கு அடையாளம் போட்டு, கடைசி 20 நிமிடத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

* பத்திரிகை லிஸ்ட்டா? ஒரே இரவில் முடிக்காதீர்கள். குறைந்தது மூன்று நாள் திறந்து வையுங்கள். ஆளுக்கொரு பேப்பரில் தனித்தனியாக எழுதுங்கள். 'இனி யாரும் இல்லை' என்று தோன்றும்போது பழைய மொய் நோட்டு, கல்யாண ஆல்பம், போனில் உள்ள நம்பர்கள் என்று புதிய குடங்களைத் திறந்து பாருங்கள்.

* ஏ.டி.எம் பின் நம்பரா? பெரும்பாலான வங்கிகளில் மூன்று முறை தவறினால் கார்டு தற்காலிகமாக முடக்கப்படும். இரண்டாவது முறை தவறியதும் வெளியே வந்துவிடுங்கள். பதற்றம் தணிந்து, வழக்கமாக அந்த எண்ணை அழுத்தும் விரல் அசைவை நினைத்துப் பார்த்தால் சிலருக்கு வந்துவிடும்.

* பிள்ளை மனப்பாடம் செய்கிறதா? திணறும் இடத்தில் முதல் எழுத்தைக் கொடுங்கள். மீதியை அதுவே பிடிக்கட்டும். அன்றைக்கு வராததை மறுநாள் காலையில் ஒருமுறை கேளுங்கள்.

* பெரியவர்கள் தடுமாறுகிறார்களா? அவசரப்படுத்தாதீர்கள், எல்லாச் சொல்லையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லியும் விடாதீர்கள். ஒரு மூச்சு காத்திருந்து, சின்னக் குறிப்பு கொடுங்கள். முகத்தில் தவிப்பு தெரிந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். "அப்புறமா வரும், விடுங்க" என்ற ஒரு வார்த்தை பல நேரம் மருந்தாக இருக்கும்.

தேடுவதை நிறுத்துவதற்கும் மறந்துபோவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. நிறுத்துவது ஒரு முடிவு. எடுத்த முடிவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வேறு வழியில், வேறு நாளில், வேறொருவர் தரும் ஒரு சின்ன எழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தேடலாம். பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் மேடவாக்கம் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டால் போதும்!